நான் படிச்சிட்டு இல்லீங்க, வேலை பார்க்கிறேன்

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். காபி, டீ எதாவது கையில் வைத்துக்கொண்டு வாசிங்க மக்களே.

போன பங்குனி உத்திரத்தன்று ஆர்.கே. புரம் மலை மந்திரில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நான், அம்மா, என் பொண்ணு. எங்களுக்கு முன்னால் நின்ற ஆன்ட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முனிர்காவில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. நல்ல மனுஷி. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புகிறவர். அவர் கேட்டார்:

"ஏம்மா, நீ இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?"

எனக்கு வயது 36. பிஎச்.டி. முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் என் பொண்ணு, அதுவும் எல்.கே.ஜி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க, என்னவோ ஆராய்ச்சி. இன்னும் ரெண்டு வருஷத்துல முடிச்சிடுவா."

பெற்ற தாயே காலை வாரினால் என்ன செய்வது? சரி, விடுவோம் என்று நினைத்தேன். ஆன்ட்டி விடவில்லை.

"என் தங்கச்சி பையன் அமெரிக்காவுல போஸ்ட்டாக்கா இருக்கான். பெரிய வேலை. இப்பத்தான் கார் வாங்கினான்."

"ஆன்ட்டி, நானும் அதேதான் பண்றேன். போஸ்ட்டாக்."

"அப்படியா? இங்கயா?"

அந்த "இங்கயா?" இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. அதே பைப்பெட், அதே சுண்டெலி, அதே ராத்திரி பன்னிரண்டு மணி. அமெரிக்காவில் செய்தால் பெரிய வேலை. தில்லியில் செய்தால் "இன்னும் படிக்கிறா". ஆன்ட்டி மேல் எனக்குக் கோபமில்லை. இந்த நாட்டின் அரசாங்கமே அப்படித்தான் நினைக்கிறது என்றால் ஆன்ட்டியை என்ன சொல்ல? அங்கே காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆன்ட்டி வாயால் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கும் சேர்த்து.

வாயில் ஆரம்பித்து ஆசனவாய் வரைக்கும் நம் உடம்புக்குள் ஒரு நீளமான குழாய் ஓடுகிறது. அந்தக் குழாயின் உட்புறம் உண்மையில் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. நடுவில் ஓட்டை போட்ட உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் இருப்பது வடைக்குள் இருப்பதாகிவிடுமா? ஆகாது. அந்தக் குழாய்க்குள் நாம் தின்கிற சோறு போகிறது, தண்ணீர் போகிறது, கூடவே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. குடலின் உட்பரப்பு மடிப்பு மடிப்பாக இருப்பதால் விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். எங்கள் முனிர்கா ஹாலும் பெட்ரூமும் சேர்ந்த அளவு. இவ்வளவு பெரிய எல்லைக்குக் காவல், ஒரே ஒரு அடுக்கு செல். அந்த அடுக்கும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது.

இந்த ஒற்றை வேலியின் மேல் சளிப் படலம். வேலிக்கு உள்பக்கம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏராளமாக முகாம் போட்டிருக்கின்றன. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தை ஒரு நாளைக்குச் சில கிராம் கணக்கில் குடலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது உடம்பு. இட்லியைப் பார்த்தால் சண்டை போடக் கூடாது. காலரா கிருமியைப் பார்த்தால் விடக் கூடாது. எது விருந்தாளி, எது திருடன் என்று தினமும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் லேபின் வேலை. சளிச்சவ்வு நோய் எதிர்ப்பியல் என்று நீட்டி முழக்கலாம். அம்மா "வயித்து ஆராய்ச்சி" என்கிறார். அதுவும் சரிதான்.

ஒரு சோதனை நாள் எப்படி இருக்கும்? காலை ஏழு மணிக்கு விலங்குக்கூடம். சுண்டெலியின் சிறுகுடலை எடுத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி, பேயர் திட்டுகள் என்கிற சின்னச் சின்ன முடிச்சுகளைத் தனியே வெட்டி எடுக்க வேண்டும். (1677-ல் பேயர் என்ற சுவிஸ் மருத்துவர் எழுதி வைத்ததால் அவர் பெயர். அவர் காலத்தில் அது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.) குடலை நீளவாக்கில் பிளந்து, கழுவி, துண்டு போட்டு, மேல் அடுக்கை உதிர்க்க இருபது நிமிஷம் குலுக்கி, மறுபடி குலுக்கி, மிச்சத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் ஊற்றிக் கரைத்து, வடிகட்டி, சாயமேற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்ட வேண்டும். நடுவில் சாப்பிடப் போக முடியாது. குடல் செல்கள் காத்திருக்காது, செத்துப்போகும். ஐந்து நிமிஷம் கூடக் கரைத்தால் செல்லே போச்சு. குறைவாகக் கரைத்தால் சளி திரண்டு மெஷினை அடைத்துக்கொள்ளும். கை பழக ஒரு வருஷம் ஆகும். ராத்திரி பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்தால் பொண்ணு தூங்கியிருப்பாள்.

இது படிப்பா? பரீட்சை இருக்கிறதா, மார்க் இருக்கிறதா, பட்டம் இருக்கிறதா? ஒன்றும் கிடையாது. வாங்க வேண்டிய பட்டமெல்லாம் வாங்கியாச்சு. இது வேலை.

"அது சரி, ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்க? வெளிநாடு போக வேண்டியதுதானே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. என் ஊர்ப்பக்கத்துப் பதில்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். எங்க ஆயாவுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்து ஐந்துதான் தங்கின. இரண்டு பேருக்கும் ஒரே காரணம்: வயித்துப்போக்கு. ஆயா அதைச் சொல்லும்போது அழமாட்டார். "அப்பல்லாம் அப்படித்தான் போவும்" என்பார்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி.யில் 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மேல்நாட்டில் மூன்று முறை வாயில் விட்டாலே வேலை செய்கிற போலியோ சொட்டு மருந்து, வேலூர்ப் பிள்ளைகளில் பலருக்கு மூன்று முறை விட்டும் பாதுகாப்புத் தரவில்லை. மருந்து அதேதான். குடல்தான் வேறு. நம் பிள்ளைகளின் குடலில் நடக்கிற ஏதோ ஒன்று, வாய்வழித் தடுப்பு மருந்துகளைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால்தான் நம் நாட்டில் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து முகாம் போட வேண்டியிருந்தது. இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று நமக்குப் போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்தது. அதே 2014-ல் வேலூரிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு ஒரு ஊசி போட்டால் குடலின் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்று அது காட்டியது. 2015 நவம்பரிலிருந்து அந்த ஊசி நம் தடுப்பூசித் திட்டத்திலும் சேர்ந்தது.

ரோட்டா வைரஸ் கதையும் இதேதான். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் அந்த ஒரு கிருமியால் வருஷத்துக்குச் சுமார் 78,000 பிள்ளைகள் செத்துப்போனதாகக் கணக்கு. 1985 வாக்கில் தில்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே. பான் குழு, பிறந்த குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டது. தொற்று இருக்கிறது, ஆனால் குழந்தைக்கு நோய் இல்லை. 116ஈ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து செய்த ரோட்டாவேக் மருந்தைத் தில்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட 6,800 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2014-ல் உரிமம் கிடைத்தது. 2016-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. இன்று உங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சுகாதார நிலையத்தில் இலவசமாக வாயில் விடுகிற ரோட்டா சொட்டு மருந்துக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அந்த மருந்தும் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைச் சுமார் 55 சதவீதம்தான் தடுக்கிறது. இதே மாதிரியான மருந்துகள் பணக்கார நாடுகளில் 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கின்றன. ஏன் இந்த இடைவெளி? அமெரிக்கச் சுண்டெலியைக் கேட்டால் தெரியுமா? பாஸ்டன் குழந்தையின் குடலைப் பார்த்தால் தெரியுமா? இங்கேதான் பார்க்க வேண்டும். அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

1985-லிருந்து 2014 வரை 29 வருஷம். மேடையில் நின்றவர்கள் பெயர் நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். ஆனால் 29 வருஷமும் மலத்தை வாங்கிவந்து ஃப்ரீசரில் வைத்தவர், ராத்திரி தட்டில் செல் வளர்த்தவர், வீடு வீடாகப் போய்க் குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டவர் யார்? முக்கால்வாசிப் பேர் தற்காலிக ஆட்கள். பிராஜெக்ட் ஆட்கள். அவரவர் வீட்டில் "இன்னும் படிச்சிட்டு" இருந்தவர்கள்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். நம்ம ஊரில் சம்பளத்தைக் கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது, அரசாணையே இருக்கிறது.

எங்களுக்குக் கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது. ஃபெல்லோஷிப், அதாவது உதவித்தொகை. 2019 ஜனவரியில் நிர்ணயித்தது முதல் நிலைக்கு 47,000 ரூபாய். அதற்கே ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. பிறகு நாலு வருஷம் ஒரு பைசா ஏறவில்லை. 2023-ல் முதல் நிலைக்கு 58,000, இரண்டாம் நிலைக்கு 61,000, மூன்றாம் நிலைக்கு 67,000 என்று ஆனது. நான் இரண்டாம் நிலை. வீட்டு வாடகைப்படி 30 சதவீதம் சேர்த்தால் 79,000 சொச்சம்.

"79,000 கம்மியா?" என்று கேட்பீர்கள். இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் என்னை விடக் கஷ்டப்படுகிற நர்ஸ் அக்காவுக்கு இதில் பாதிகூட வராது. நான் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. தேதியைப் பற்றிப் பேசுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, ஐந்து மாதம், எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. காரணம் கேட்டேன். பிராஜெக்டுக்கு இரண்டாம் வருஷப் பணம் வர வேண்டுமென்றால் முதல் வருஷப் பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ் போக வேண்டுமாம். சான்றிதழ் போனது. ஒரு கையெழுத்து இல்லை என்று திரும்பியது. மறுபடி போனது. கணக்கு முறை மாறிவிட்டது, புதிய முறையில் அனுப்பு என்று திரும்பியது. ஃபைல் ஊர் சுற்றிய ஐந்து மாதமும் நான் லீவு போட்டேனா? ஒரு நாள் போடவில்லை. சுண்டெலிக்கு உதவித்தொகை வராத விஷயம் தெரியாது.

மத்திய அரசு உதவித்தொகைகள் மாதக்கணக்கில் தாமதமாவது பத்திரிகைகளில் வருஷா வருஷம் வருகிற செய்தி. படித்திருப்பீர்கள். நாலாம் பக்கத்தில் சின்னதாக இருக்கும்.

கணக்குப் பிரிவில் போய் நின்றபோது அங்கிருந்த அதிகாரி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மேடம், உங்க ஹஸ்பண்ட் வேலை பார்க்கிறார் இல்ல?"

பார்க்கிறார். அதனால்தான் அந்த ஐந்து மாதம் வாடகை போனது, பால் வந்தது. ஆனால் என் ஹஸ்பண்ட் வேலை பார்ப்பதற்கும் என் சம்பளம் வருவதற்கும் என்ன சார் சம்பந்தம்? அவர் கம்பெனியில் யாராவது "உங்க ஒய்ஃப் வேலை பார்க்கிறாங்க இல்ல, இந்த மாசம் சம்பளம் வேண்டாமே" என்று சொல்வார்களா? பொண்ணுடைய ஸ்கூல் ஃபீசுக்கு என் நாலு வளையல் அடகுக்கடைக்குப் போனது. வட்டி நான் கட்டினேன். ஐந்து மாதப் பணம் கிட்டத்தட்ட நாலு லட்சம். கடைசியில் மார்ச்சில் மொத்தமாக வந்தபோது அதற்கு வட்டி கிடையாது. அதாவது, அரசாங்கத்துக்கு வட்டியில்லாமல் நாலு லட்சம் கடன் கொடுத்தவள் நான். :)

எனக்காவது வளையல் இருந்தது. எங்கள் லேபில் ஒடிசாக்காரத் தம்பி ஒருவன் இருந்தான். குடலிலிருந்து செல் பிரிப்பதில் அவன் கைதான் கை. நாங்கள் 60 சதவீதம் உயிரோடு எடுத்தால் அவன் 90 எடுப்பான். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், தங்கைக்குக் கல்லூரி. மாசா மாசம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன். முதல் இரண்டு மாதம் நண்பர்களிடம் கடன். மூன்றாம் மாதம் பைக்கை விற்றான். நாலாம் மாதம் ரூமைக் காலி பண்ணிவிட்டு லேபிலேயே தூங்கினான், செக்யூரிட்டி அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஐந்தாம் மாதம் நீட் கோச்சிங் சென்டரில் பயாலஜி சொல்லிக்கொடுக்கப் போய்விட்டான். அங்கே ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறதாம். "தீதி, தூக்கம் வருது இப்போ" என்று போனில் சொன்னான்.

அவன் போனதும் எங்களுக்கு ஆறு மாத வேலை நின்றது. இன்னொரு ஆளைப் பழக்க வேண்டும். நாட்டுக்கு நஷ்டம் என்ன என்று எந்தத் தணிக்கையிலும் வராது. கையெழுத்து இல்லாத காகிதம் மட்டும்தான் தணிக்கையில் வரும்.

இப்போது சொல்லுங்கள், "உதவித்தொகை" என்பது வெறும் வார்த்தைதானா? 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? மாதச் சம்பளம் வாங்குகிற ஊழியருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் வர வேண்டும். எனக்கு அது பொருந்தாது. ஏனென்றால் நான் வாங்குவது ஊதியமில்லை, நான் ஊழியரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஏழாம் தேதியை அழித்துவிட்டார்கள். பி.எஃப். அழிந்தது. கிராஜுவிட்டி அழிந்தது. வருஷாந்திர உயர்வு அழிந்தது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். வரி பிடிக்கிற நேரத்தில் மட்டும் என்னைத் தொழில்முறை ஆலோசகர் கணக்கில் வைத்து டி.டி.எஸ். பிடித்தார்கள். சம்பளம் கேட்டால் மாணவி, வரி பிடித்தால் ஆலோசகர். என்ன கொடுமை சார் இது!

பிரசவ விடுப்பு? விதியில் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. மத்திய அரசு விதிப்படி உண்டு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷ பிராஜெக்டில் ஆறு மாதம் விடுப்பில் போனால் பிராஜெக்ட் ஆறு மாதம் நீளுமா? நீளாது. அதனால் நேர்முகத் தேர்வில் யாரும் எழுத்தில் கேட்காத ஒரு கேள்வி காபி குடிக்கும்போது வரும்: "ஃபேமிலி பிளான் எதாவது இருக்கா?" என்னிடம் கேட்டார்கள். என் தோழியிடம் கேட்டார்கள். கூட வந்த பையன்களிடம் கேட்கவில்லை.

"எல்லா நாட்டிலயும் போஸ்ட்டாக் கஷ்டம்தானே" என்று ஒரு சீனியர் சொன்னார். கஷ்டம்தான். ஆனால் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து போஸ்ட்டாக்குகள் 2008-லேயே தொழிற்சங்கம் வைத்துவிட்டார்கள். 2010-ல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். 2022 நவம்பரில் மாணவ ஊழியர்களோடு சேர்ந்து 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தைக் கூட்டி வாங்கினார்கள். அங்கே அவர்கள் ஊழியர்கள். ஆன்ட்டியின் தங்கை பையன் கார் வாங்கியது அதனால்தான், அவன் என்னை விடப் புத்திசாலி என்பதால் இல்லை. :)

"நீயா விரும்பித்தானே வந்த?" இதுதான் எல்லோருக்கும் பிடித்த கேள்வி. ஆமாம், விரும்பித்தான் வந்தேன். ராணுவத்துக்கு விரும்பிப் போகிறவருக்குச் சம்பளம் நிறுத்துவீர்களா? கோயிலில் விரும்பி நாதஸ்வரம் வாசிக்கிறவருக்கு "ஆசையாத்தானே வாசிக்கற" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவீர்களா? (அனுப்பியிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.) ஒரு வேலையை விரும்பிச் செய்வது குற்றமா?

"நாடு ஏழை நாடு, பணம் இல்லை" என்பது கடைசி வாதம். 2020-21 கணக்குப்படி இந்தியா தன் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்கும் வளர்ச்சிக்கும் செலவழித்தது. அது குறைவுதான், கூட்டத்தான் வேண்டும். ஆனால் என் ஐந்து மாதக் கதையில் பணம் இல்லாமல் போகவில்லையே! ஒதுக்கிய பணம் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது. ஆராய்ச்சிச் சாமான் வாங்குகிற விதிகளை 2025 ஜூனில் தளர்த்தினார்கள். இயக்குநர்களே நேரடியாக முடிவெடுக்கலாம் என்றார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறேன். சாமானுக்குச் செய்ததை மனுஷனுக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். மெஷின் ஒரு மாதம் தாமதமாக வந்தால் காத்திருக்கலாம். வீட்டுக்காரர் காத்திருப்பாரா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று, மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் பணம். பிராஜெக்ட் பணம் வரவில்லையென்றால் நிறுவனம் முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு, பிரசவ விடுப்பு எத்தனை மாதமோ அத்தனை மாதம் ஒப்பந்தமும் நீள வேண்டும், பணத்தோடு. மூன்று, பட்டம் முடித்தவர் செய்கிற வேலைக்குச் சம்பளம் என்றே பெயர் வையுங்கள், பி.எஃப். பிடியுங்கள்.

நாலாவது உங்களிடம். ஆமாம், இதை வாசிக்கிற உங்களிடம்தான். ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்மிடம்.

நாம் எல்லோரும் வேலைக்காக ஊர் விட்டவர்கள். வேலை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் ஐ.டி., பேங்க், மத்திய அரசு, இந்த மூன்றில் வராவிட்டால் நம் அகராதியில் அது வேலையில்லை. அந்த அதிகாரி என்னிடம் "ஹஸ்பண்ட் வேலை பார்க்கிறார் இல்ல" என்று தைரியமாகக் கேட்டார் என்றால், என் அம்மாவும் உங்கள் அம்மாவும் கோயில் வரிசையில் "படிச்சிட்டு இருக்கா" என்று சொல்வதால்தான். படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு? அப்பா பார்த்துக்கொள்வார், புருஷன் பார்த்துக்கொள்வார். நம் வீட்டிலேயே வேலையாக மதிக்காத ஒன்றை அரசாங்கம் எங்கே மதிக்கப் போகிறது?

உங்கள் சொந்தத்தில், பக்கத்து வீட்டில், ஒரு போஸ்ட்டாக் இருந்தால் "எப்ப முடிப்ப?" என்று கேட்காதீர்கள். "இந்த மாசம் சம்பளம் வந்துச்சாம்மா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அந்த ஒடிசாத் தம்பியை இரண்டு முறை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாம்பார் போட்டேன். இன்னும் பத்து முறை கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். ஆயாவின் இரண்டு பிள்ளைகளைச் சொன்னேன். வேலூரைச் சொன்னேன். அடகுக்கடைக் கதையையும் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வளையலை மூட்டியா?" என்று மட்டும் கேட்டார். மூன்றை மீட்டாச்சு, ஒன்று பாக்கி என்றேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடியாத்தத்திலிருந்து பெரியம்மா போன். நான் லேபில் இருந்தேன். அம்மா என்ன சொன்னார் என்று என் பொண்ணு மறுநாள் அப்படியே ஒப்பித்துக் காட்டினாள்:

"அவ வேலைக்குப் போயிருக்காக்கா. வர நேரமாவும்."

பி.கு. 1: இதை எழுதி முடிக்கும்போது போன மாதப் பணம் இன்னும் வரவில்லை. இன்று தேதி 19.

பி.கு. 2: ஆன்ட்டி, நீங்க இதை வாசிப்பீங்கன்னு தெரியும். கோச்சுக்காதீங்க. இந்தத் தீபாவளிக்கும் முறுக்கு வேணும்.